தராசைப் பார்க்கும் கேமரா: ஒரு பனியன் கம்பெனியின் ஆறு ஆண்டு அனுபவம்

சாயப்பட்டறையிலிருந்து துணி வந்து இறங்கும் நாளில் எங்கள் கம்பெனியில் சண்டை இல்லாமல் பொழுது போனதில்லை. பட்டறைச் சீட்டில் ஓர் எடை இருக்கும், எங்கள் நோட்டில் வேறோர் எடை இருக்கும். கடைசியில் இருவரும் பாதிப் பாதி ஏற்றுக்கொண்டு, மனத்துக்குள் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே பிரிவோம். திருப்பூரில் ஜாப் ஒர்க், அதாவது பிறர் தரும் வேலையைக் கூலிக்குச் செய்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2021 ஐப்பசியில் 38 ரோல் வந்தது. சீட்டில் 812 கிலோ, எங்கள் நோட்டில் 791. குறைந்த 21 கிலோவில் நூறு சட்டைக்கு மேல் தைக்கலாம். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் தராசுக்கு மேலே ஒரு கேமராவை மாட்டியிருந்தேன். பட்டறைக்காரரை உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, இன்று மாட்டினார் என்ற நினைப்போடு பதிவை ஓடவிட்டேன். இருபத்து மூன்றாவது ரோலைத் தராசில் வைக்கும்போது எங்கள் பையனுக்குக் கைப்பேசி அழைப்பு வருகிறது. பேசி முடித்துவிட்டு ரோலை இறக்குகிறான், நோட்டில் எழுதவில்லை. தவறு எங்களுடையது. டீ ஆறுவதற்குள் மன்னிப்புக் கேட்டேன்.

பெருமாநல்லூர் சாலைப் பக்கம் 42 மெஷின் உள்ள கம்பெனி எங்களுடையது. கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாம் ஒரே கட்டடத்தில் நடக்கிறது. 2019 ஆவணியில் பழைய அனலாக் கேமராக்களைக் கழற்றிவிட்டு, நெட்வொர்க் கேமராக்கள் பதினாறும் அவற்றுக்கான பதிவுப் பெட்டியும் போட்டேன். அன்றைக்கு வயரிங் சேர்த்து ஒரு லட்சத்து அறுபதாயிரம் ஆனது. அதற்குப் பிறகு ஆண்டுக்கு ஆறேழாயிரம் செலவாகிறது. ஹார்டு டிஸ்க் மாற்றிய ஆண்டுகளில் கூடுதல். எந்தக் கம்பெனிக் கேமரா என்று பலர் கேட்கிறார்கள். கேமராவைவிட அதைச் சுற்றியுள்ளவைதான் என்னைப் படுத்தியிருக்கின்றன. ஆகவே அவற்றைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

முதலில் கேபிள். மாட்டியவர் மீட்டருக்குச் சில ரூபாய் மிச்சப்படுத்துவதாகச் சொல்லி, அலுமினியக் கம்பி மேல் செம்பு பூசிய கேபிளை இழுத்துவிட்டார். பார்வைக்குச் செம்பு மாதிரியே இருக்கும். இந்த வகைக் கேமராவில் படமும் மின்சாரமும் ஒரே கேபிளில்தான் போகின்றன. பின்பக்கச் சுவரில் எழுபது மீட்டர் தள்ளியிருந்த கேமரா பகல் முழுவதும் ஒழுங்காக ஓடும், பொழுது சாய்ந்தால் அணைந்துவிடும். கொஞ்ச நேரத்தில் தானே எழும், மறுபடியும் அணையும். கேமரா கெட்டுவிட்டது என்று இரண்டு முறை மாற்றினோம். பேய் இருக்கிறது என்று வாட்ச்மேன் சொன்னார். இருட்டியதும் அகச்சிவப்பு விளக்குகள் எரியும்போது கேமரா அதிக மின்சாரம் இழுக்கிறது. அலுமினியக் கம்பியில் அந்தத் தூரத்துக்குள் வோல்டேஜ் விழுந்துவிடுகிறது. கோவையிலிருந்து வந்த ஒரு டெக்னீசியன் கேபிளின் நுனியைச் சுரண்டி வெள்ளையாகக் காட்டிய பிறகுதான் புரிந்தது. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு முழுச் செம்பு கேபிள் போட்டோம். பேய் போய்விட்டது.

வாசல் கேமராவுக்குத் தொண்ணூறு மீட்டர். இந்தக் கேபிளுக்கு நூறு மீட்டர்தான் எல்லை என்பதால் சரியாக வந்துவிட்டது என்று மகிழ்ந்திருந்தேன். அடுத்த ஐப்பசி மழையில் பக்கத்துத் தென்னந்தோப்பில் இடி விழுந்தது. வாசலிலிருந்து வந்த கம்பி வழியாக அதிர்ச்சி உள்ளே வந்து, கேமராக் கேபிள்கள் வந்து சேரும் நெட்வொர்க் சுவிட்ச்சில் ஐந்து போர்ட்டையும் இரண்டு கேமராவையும் கருக்கிவிட்டது. இப்போது வாசலுக்கு ஃபைபர் போட்டிருக்கிறேன். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. கட்டடத்தை விட்டு வெளியே போகும் எந்தக் கேமராவுக்கும் முதலிலேயே இதைச் செய்துவிடுங்கள்.

அடுத்தது பஞ்சு. பனியன் துணி வெட்டுகிற இடத்தில் பறக்கும் பிசிறு கண்ணுக்குத் தெரியாது. கேமரா முகத்தில் மட்டும் தெரியும். உருண்டைக் கண்ணாடி போட்ட டோம் கேமராக்களைக் கட்டிங் அறையில் மாட்டியது என் தவறு. பிசிறு படியும், பையன்கள் ஏதாவதொரு கட்டிங் துணியால் துடைப்பார்கள், கண்ணாடியில் கீறல் விழும், இரவில் அகச்சிவப்பு ஒளி அந்தக் கீறலில் பட்டு படம் முழுவதும் பால் கரைத்தது போலாகிவிடும். இரண்டு ஆண்டில் நான்கு டோம்களையும் கழற்றிவிட்டு, நீளக் குழாய் வடிவக் கேமராக்களை வைத்தேன். மெஷின் ஊதும் காற்றுக் குழாயால் கேமராவை ஊதக் கூடாது என்பதும் அனுபவப் பாடம். இப்போது மாதத்தின் முதல் சனிக்கிழமைதோறும் மென்மையான துணியும் ஏணியும் எடுத்து அரை மணி நேர வேலை.

வெளியில் சிலந்தி. இரவு வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், சிலந்தி லென்ஸுக்கு நேரே வலை கட்டும். காற்றில் வலை ஆடும்போதெல்லாம் யாரோ நடமாடுவதாகக் கைப்பேசிக்குத் தகவல் வந்தது. ஒரே இரவில் இருநூற்றுப் பத்து தகவல்கள். வீட்டில் என்னைத் திட்டியது நியாயமே.

இப்படித்தான் 'ஸ்மார்ட்' என்று விற்கிற அம்சங்களுக்கு வந்து சேர்கிறோம். மனிதரையும் வாகனத்தையும் பிரித்தறியும் கேமராக்களை 2022-இல் வாங்கினேன். உண்மையில் நன்றாக வேலை செய்கின்றன. நாய்க்கும் வேப்பமர நிழலுக்கும் இப்போது தகவல் வருவதில்லை. பக்கத்துத் தோட்டத்து வெள்ளாட்டை மட்டும் மழைநாளில் சில நேரம் மனிதராக எடுத்துக்கொள்கிறது. வண்டி எண்ணைப் படிக்கும் வசதியும் உண்டு என்றார்கள். அதற்கென்றே தனி லென்ஸும் தனி உயரமும் வேண்டும். வாசலைப் பொதுவாகப் பார்க்கிற கேமராவில் டெம்போவின் முன்விளக்கு வெளிச்சம்தான் தெரியும். முகத்தை வைத்து வருகைப் பதிவு எடுக்கும் திட்டத்தை நான் தொடவே இல்லை.

கடையில் பேசும்போது மெகாபிக்சலைப் பற்றியே பேசுவார்கள். லென்ஸைக் கேளுங்கள். கண்காணிப்புக் கேமராக்களுக்கான சர்வதேசத் தர வழிகாட்டியில், முன்பின் தெரியாத ஒருவரை முகத்தால் அடையாளம் காண மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. 4 மெகாபிக்சல் கேமராவில் அகலவாக்கில் 2560 பிக்சல். எனவே பத்து மீட்டர் அகலக் காட்சிக்கு மேல் போனால் முகம் கிடைக்காது. எல்லோரும் மாட்டிவிடுகிற 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் ஏறக்குறைய நூறு டிகிரி விரிந்து பார்க்கும். அதில் நாலு மீட்டர் சொச்சம் தாண்டி நிற்கிறவர் வெறும் உருவம்தான். அறை முழுவதும் தெரிகிறது என்று மகிழ்ந்து, கடைசியில் யாரென்று தெரியாமல் நிற்போம். வாசலிலும் படிக்கட்டிலும் 6 மில்லிமீட்டர் லென்ஸுக்கு மாற்றினேன். காட்சி குறுகியது, பத்து மீட்டர் வரை முகம் கிடைத்தது.

தராசுக் கேமராவிலும் இதுபோல ஒரு தொல்லை இருந்தது. எடை காட்டும் சிவப்பு எண்கள் முதல் சில வாரங்கள் வெறும் சிவப்புப் புள்ளியாகத் தெரிந்தன. அறை இருட்டு, எண்கள் பளிச்சென்று. கேமரா அறைக்குத் தகுந்தபடி வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்கிறது. அமைப்பில் போய் வெளிச்ச அளவைத் தானே முடிவு செய்யாதபடி நிறுத்திக் குறைத்து, எண்களுக்கு மேலே அட்டைப்பெட்டியை வெட்டி ஒரு குல்லாயும் போட்டோம். அந்த அட்டைக் குல்லாய் இன்றும் இருக்கிறது.

பதிவு எத்தனை நாள் நிற்கும் என்பது வெறும் கணக்குதான். எங்கள் கேமரா ஒன்று நொடிக்கு 2 மெகாபிட் அனுப்புகிறது, நாளொன்றுக்கு 21.6 ஜிபி. பதினாறுக்கும் சேர்த்து 345 ஜிபி. 8 டிபி டிஸ்க்கில் 23 நாள். எங்களுக்கு வேலை தரும் ஏற்றுமதியாளர் 45 நாள் கேட்டார். அமெரிக்கச் சுங்கத்துறை 2001-இல் தொடங்கிய சி-டிபாட் பாதுகாப்புத் திட்டத்துக்காகத் தணிக்கை வருகிறது, தூத்துக்குடிக்குப் போகும் பெட்டிகள் எங்கே, யாரால் கட்டப்பட்டன என்று காட்ட வேண்டும் என்றார். எல்லாவற்றையும் இரட்டிப்பாக்காமல், பேக்கிங், ஏற்றும் இடம், தராசு, வாசல் ஆகிய நான்கையும் முழுநேரப் பதிவில் வைத்து, மற்றவற்றை நடமாட்டம் இருக்கும்போது மட்டும் பதியும்படி மாற்றினேன். போதுமானதாக இருக்கிறது. படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் பழைய எச்.264 முறையை விட்டு எச்.265-க்கு மாறியதால் இடம் ஏறக்குறைய பாதி மிச்சமானதை மறக்கக் கூடாது.

மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் மின்சாரம் நிற்கும் நாள்களில் பேட்டரி தாங்க வேண்டும். கேமராக்களும் பெட்டியும் சேர்ந்து நூற்றிருபது வாட்தான் இழுக்கின்றன. அலுவலகத்து மின்விசிறிகளை அதே இன்வெர்ட்டரிலிருந்து பிரித்த பிறகு தாங்குகிறது. 2020 ஊரடங்கில் வீட்டிலிருந்தபடியே ஆளில்லாத மெஷின் வரிசையைக் கைப்பேசியில் பார்ப்பேன். நான்காம் நாள் இணையம் போய்விட்டது. உள்ளே பதிவு மட்டும் நிற்காமல் நடந்திருக்கிறது. பதிவை இணையம் வழியாக வெளியில் உள்ள கிளவுடில் மட்டும் சேமிக்கச் சொல்பவர்களிடம் இந்த ஒரு காரணத்தால் நான் இன்னும் இணங்கவில்லை.

கடவுச்சொல் விஷயத்தில் நானும் சோம்பேறிதான். பெட்டி வந்தபோது இருந்த கடவுச்சொல்லையே இரண்டு ஆண்டு வைத்திருந்தேன். 2016-இல் மிராய் என்ற நச்சு நிரல் உலகெங்கும் இப்படி மாற்றாமல் விட்ட கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும்தான் பிடித்துப் படையாக்கியது என்று என் மருமகன் சொன்ன அன்றே மாற்றினேன். வெளியிலிருந்து பார்ப்பதற்காக ரவுட்டரில் திறந்துவிட்டிருந்த வழியையும் அடைத்தோம். இப்போது புதிதாக வாங்குகிறவர்களுக்குக் கொஞ்சம் நிம்மதி: 2025 ஏப்ரல் 9 முதல் இந்தியாவில் விற்கும் கேமராக்கள் மத்திய அரசின் பாதுகாப்புச் சோதனையில் தேறியிருக்க வேண்டும். சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

திருட்டா? ஆறு ஆண்டில் ஒன்று. 2024 ஆடியில் டெய்லர் ஒருவரின் வண்டி நிறுத்துமிடத்திலிருந்து போனது. காவல் நிலையத்தில் பதிவைக் கேட்டார்கள். பென் டிரைவில் கொடுத்தால் முடிந்தது என்று நினைத்தேன். அந்த ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் ஒரு சான்றிதழ் இருக்கிறது. ஒரு பகுதியைக் கருவியை வைத்திருப்பவரும் இன்னொன்றை நிபுணரும் நிரப்ப வேண்டும். கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் எண்ணையும் எழுத வேண்டும். அதை நிரப்பும்போதுதான் எங்கள் பெட்டியின் கடிகாரம் பதினோரு நிமிடம் முந்தி ஓடுவது தெரிந்தது. அதையும் எழுதிக் கொடுத்தேன். பிறகு இணைய நேரத்தோடு தானே சரிசெய்துகொள்ளும்படி வைத்துவிட்டேன். வண்டி கிடைத்தது, ஆனால் பதிவால் அல்ல. பெட்ரோல் தீர்ந்து அவிநாசிப் பக்கம் சாலையோரம் கிடந்தது.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. தொடக்கத்தில் தையல் வரிசையை முதுகுப்பக்கமிருந்து பார்க்கும்படி மூன்று கேமராக்களை வைத்திருந்தேன். யார் எவ்வளவு நேரம் எழுந்து போகிறார்கள் என்று அலுவலகத்திலிருந்து பார்ப்பேன். ஒரு வாரம் கழித்து இருபது ஆண்டாக எங்களிடம் ஓவர்லாக் ஓட்டுகிற அக்கா வந்தார். "தம்பி, பீஸ் கணக்குக்குத்தானே கூலி கொடுக்கிறீர்கள்? நாங்கள் உட்கார்ந்தால் நட்டம் எங்களுக்குத்தான். முதுகை எதற்குப் பார்க்கிறீர்கள்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. மறுநாள் மூன்றையும் கழற்றி, இரண்டை வழிநடைக்கும் ஒன்றைச் சரக்கு லிஃப்ட்டுக்கும் திருப்பினேன். ஒலிப்பதிவை எல்லாக் கேமராவிலும் நிறுத்தினேன். லிஃப்ட் கேமராதான் பிறகு உண்மையான தாமதத்தைக் காட்டியது: தைத்த பண்டல்கள் செக்கிங்குக்கு ஏறாமல் லிஃப்ட் வாசலில் முக்கால் மணி நேரம் கிடக்கின்றன, தள்ளுவண்டி பற்றாக்குறை. இரண்டு தள்ளுவண்டி வாங்கியதில் தீர்ந்தது. தையல் வரிசையை வருடக்கணக்காகப் பார்த்திருந்தாலும் இது தெரிந்திருக்காது.

தராசில் இப்போது சண்டை இல்லை. சாயப்பட்டறை டெம்போ ஓட்டுநர் ரோலை வைத்ததும் ஓரடி பின்னால் நகர்ந்து, எண் நிற்கும்வரை இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் கேமராவுக்குக் காட்டுகிறார். யாரும் அவரிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. எங்கள் பையனும் இப்போது அப்படியே கையைத் தூக்குகிறான். கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டு.