பேத்தி படிக்கும் பள்ளிக்கூடம்: இரண்டு வருஷம் பார்த்ததை எழுதுகிறேன்

எங்கள் பக்கத்தில் பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்ததும் முதலில் அண்ணாந்து கூரையைத்தான் பார்ப்பார்கள். 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்தின் கீற்றுக் கூரை தீப்பிடித்து 94 பிள்ளைகள் போனார்கள். அன்றைக்கு என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. சேதி கேட்டதும் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் அவள் பள்ளி வாசலில் நின்றேன். அவள் வெளியே வந்து கையைப் பிடித்த பிறகுதான் மூச்சு வந்தது. அதனால் இந்தப் பள்ளியைப் பற்றிச் சொல்லும்போதும் கூரையில்தான் ஆரம்பிக்கிறேன். இரண்டு அறைகள் தளம் போட்டவை. ஒரு நீளக் கூடம், ஓடு வேய்ந்தது, மூன்று பக்கம் வாசல், மூன்றும் பள்ளி நேரம் முழுக்கத் திறந்தே இருக்கும். சமையல் கொட்டகை தள்ளி, தோப்பின் அந்தக் கோடியில். கீற்று எங்கேயும் கிடையாது. சரி, இனி மற்றதைப் பேசலாம்.

நான் பொதுப்பணித்துறையில் 31 வருஷம் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவன். வாய்க்கால் கரையும் மதகும்தான் என் வேலை. மாப்பிள்ளை சிங்கப்பூரில் இருக்கிறார், மகள் மன்னார்குடியில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறாள். பேத்தியைப் பள்ளியில் விடுவதும் கூட்டி வருவதும் என் பொறுப்பு. இரண்டு வருஷமாக டிவிஎஸ் 50-ல் அந்த மண் ரோட்டில் தினம் நான்கு தடவை போய் வருகிறேன். அதனால் வாசலில் நின்று பார்த்ததை மட்டும் எழுதவில்லை.

பள்ளியின் பெயரை இங்கே போடவில்லை. மொத்தம் 38 பிள்ளைகள், நான்கு ஆசிரியர்கள். இதற்கு மேல் சேர்க்க இடமில்லை, போன் மேல் போன் வந்தால் சமாளிக்க முடியாது என்று கேட்டுக்கொண்டார்கள். நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில், பாமணியாற்றிலிருந்து பிரியும் ஒரு வாய்க்கால் ஓரம், தென்னந்தோப்புக்குள் இருக்கிறது. அந்தச் சுற்று வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். பிள்ளைகள் உட்காரும் பெஞ்சு எல்லாம் தென்னை மரத்தில் செய்தது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது அந்தத் தோப்பில் சாய்ந்த மரங்களை அறுத்துச் செய்திருக்கிறார்கள். கையால் தடவினால் கறுப்பு நரம்பு ஓடுவது தெரியும்.

என் பேத்தி முன்னால் படித்த பள்ளியில், பக்கத்துப் பிள்ளையிடம் தமிழில் பேசினாள் என்று அரை மணி நேரம் நிற்க வைத்தார்கள். ஐந்து வயசு. அதற்கப்புறம் வேன் ஹாரன் கேட்டாலே வயிறு வலிக்கிறது என்பாள். வீட்டில்கூடப் பேச்சு குறைந்துபோனது. அதனால்தான் இடம் மாற்றினோம்.

இங்கே வந்த முதல் இரண்டு மாதம் அவள் பல்லாங்குழி ஆடினாள். வேறு ஒன்றும் செய்யவில்லை. காலையில் போய் பலகையை எடுத்து வைத்துக்கொண்டு, அஞ்சாவது படிக்கும் ஒரு பெண்ணோடு உட்கார்ந்தால் சாப்பாட்டு மணி வரைக்கும் புளியங்கொட்டைதான். சிங்கப்பூரிலிருந்து மாப்பிள்ளை வீடியோவில், "மாமா, பாப்பா என்ன படிக்குது?" என்று கேட்கும்போது எனக்குப் பதில் வராது. ஒருநாள் தாங்காமல், அங்கே இருக்கும் ஆசிரியை ஒருவரிடம் கேட்டேவிட்டேன். பிள்ளைகள் எல்லா ஆசிரியரையும் அக்கா, அண்ணா என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அக்கா என்றே எழுதுகிறேன், என் மகளைவிடச் சின்னவர் என்றாலும்.

அவர் எனக்குச் சமாதானம் சொல்லவில்லை. அலமாரியிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் கொடுத்தார். என் பேத்திக்கென்று தனி நோட்டு. ஒவ்வொரு நாளும் தேதி போட்டு இரண்டு மூன்று வரி. "கொட்டையை ஒவ்வொன்றாக எண்ணிப் போடுகிறாள்." நாலு நாள் கழித்து, "ஐந்து ஐந்தாக அள்ளுகிறாள், எண்ணவில்லை." அப்புறம், "மொத்தம் 70 என்று தானாகச் சொன்னாள். எப்படி என்று கேட்டதற்கு ஒரு பக்கம் 35, இரண்டு பக்கம் என்றாள்." இன்னும் கொஞ்சம் தள்ளி, "எடுப்பதற்கு முன்பே எந்தக் குழியில் முடியும் என்று விரலால் காட்டுகிறாள். இன்று மூன்று தடவை சரி. பசு (ஒரு குழியில் நாலு கொட்டை சேர்வது) விழுந்ததும் சத்தமாகச் சிரித்தாள். இங்கே வந்த பிறகு முதல் சிரிப்பு."

அந்த நோட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். பிள்ளை இஷ்டத்துக்கு விடுகிறோம் என்று சொல்லும் இடங்களைப் பற்றி எனக்கு ஒரு பயம் இருந்தது. மதகைத் தூக்கிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறவன் லஸ்கர் இல்லை. திறந்த பிறகுதான் வேலையே. எங்கே கரை அரிக்கிறது, எங்கே பாசி அடைக்கிறது என்று நடந்துகொண்டே இருக்கவேண்டும். இந்த நான்கு ஆசிரியர்களும் அப்படி நடக்கிறவர்கள். நான் இந்தப் பள்ளியை நம்பியதற்கு அந்த நோட்டுதான் காரணம். சேர்க்கப்போகும் பெற்றோர் யாராக இருந்தாலும் அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

தினசரி நடப்பு இப்படி: காலை 9.15-க்கு வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருவரும் அன்றைக்கு என்ன செய்யப்போகிறோம் என்று சொல்கிறார்கள். தமிழும் கணக்கும் தினம் ஏதோ ஒரு நேரத்தில் தொட்டே ஆகவேண்டும். எந்த நேரம், எந்தப் பாடம், யாரோடு சேர்ந்து என்பது பிள்ளையின் முடிவு. பாடங்களை அட்டை அட்டையாகப் பிரித்து, ஏணிப்படி என்று ஒரு வரைபடத்தில் வரிசை போட்டிருக்கிறார்கள். கரும்பலகை சுவரின் அடியில், பிள்ளைகள் உயரத்துக்கு. வரைந்ததையும் எழுதியதையும் தொங்கவிடத் தலைக்கு மேலே கம்பிப் பந்தல். வருகைப் பதிவேட்டில் பிள்ளைகளே குறித்துக்கொள்கிறார்கள். இதையெல்லாம் பார்த்ததும் என் வீட்டுக்காரம்மா, "இது எங்க பள்ளிக்கூடத்துல இருந்ததுதானே" என்றாள். அவள் ஒன்றியப் பள்ளியில் சத்துணவு சமைத்தவள். செயல்வழிக் கற்றல் என்று சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ல் தொடங்கி, 2007 வாக்கில் தமிழ்நாடு முழுக்க அரசுப் பள்ளிகளுக்கு வந்த அதே முறை. ஆந்திராவில் ரிஷிவேலி பள்ளிக்காரர்கள் கிராமத்துப் பிள்ளைகளுக்காக உருவாக்கியதிலிருந்து வந்தது என்று அக்கா சொன்னார். ஆக, எங்கேயோ வெளிநாட்டிலிருந்து இறக்கிய புதுமை என்று யாரும் மிரளவேண்டாம்.

பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதும் நம் ஊர் வழக்கம்தான். என் தாத்தா திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதிப் படித்தவர். வாத்தியாருக்கு அடுத்தபடி சட்டாம்பிள்ளைதான் கற்றுக்கொடுப்பாராம். எழும்பூரில் அனாதைப் பிள்ளைகளின் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் இதைப் பார்த்துவிட்டுத் தன் பள்ளியிலும் செய்து, 1797-ல் லண்டனில் புத்தகம் போட்டார். அங்கே அதற்கு மெட்ராஸ் முறை என்றே பெயர். இந்தப் பள்ளியில் சட்டாம்பிள்ளையின் பிரம்பு மட்டும் இல்லை.

இப்போது போன வருஷம் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும்.

மேட்டூர் திறந்து, கல்லணை திறந்து, வெண்ணாறு நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் பிரிந்து பாமணியாற்றில் தண்ணீர் வந்துவிட்டது. பள்ளிக்கு எதிரே வாய்க்காலிலும் ஓடுகிறது. தினமும் செய்தியில் இத்தனை ஆயிரம் கன அடி என்று சொல்கிறார்களே, அதில் நம் வாய்க்காலுக்கு எவ்வளவு வருகிறது என்று நாலாவது படிக்கும் பையன் ஒருவன் கேட்டிருக்கிறான். அக்கா பதில் சொல்லவில்லை. கேள்வியைக் கரும்பலகையில் எழுதி அழிக்காமல் விட்டுவிட்டார். இரண்டு நாள் கழித்து ஐந்து பேர் என்னிடம் வந்தார்கள். என் பேத்தியும் ஒருத்தி. "தாத்தா, நீங்க லஸ்கர்தானே?"

எனக்குச் சொல்லிவிட வேண்டும் என்று வாய் துடித்தது. பின்னால் நின்ற அக்கா, கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டினார். பொறுத்தேன்.

முதல் நாள் வாளியை வைத்துப் பார்த்தார்கள். முக்கிய உடனே நிரம்பிவிடுகிறது, பக்கத்தில் ஓடும் தண்ணீரை என்ன செய்வது என்று விட்டுவிட்டார்கள். மறுநாள் ஒரு காகிதக் கப்பல் போவதைப் பார்த்து ஒரு பெண், இது எவ்வளவு வேகமாகப் போகிறதோ அவ்வளவு வேகம்தானே தண்ணீரும் என்றாள். அங்கிருந்து பிடித்துக்கொண்டார்கள். கரையில் கயிறு பிடித்து 30 அடி அளந்து இரண்டு பக்கமும் குச்சி நட்டார்கள். வாழைமட்டைத் துண்டை மிதக்கவிட்டு, என் போனில் நொடி பார்த்தார்கள். 22, 19, 41, 19. அந்த 41-ல் மட்டை கரையோரக் கோரையில் மாட்டிக்கொண்டது. அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று ஒருவன். "தண்ணியும் கோரையில மாட்டத்தானே செய்யுது, சேர்க்கணும்" என்று என் பேத்தி. அரை மணி நேரம் வாதம். நான் 31 வருஷத்தில் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்ததில்லை. கடைசியில், ஓரத்தில் வேகம் குறைவு, நடுவில் அதிகம், நாம் இப்போதைக்கு நடுவை அளப்போம், ஓரத்தையும் தனியாக எழுதி வைப்போம் என்று முடிவு செய்தார்கள். மற்ற மூன்றுக்கும் சராசரி 20 நொடி.

அகலம் 6 அடி. மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நானும் அஞ்சாவது பையன் ஒருவனும் இறங்கி ஐந்து இடத்தில் ஆழம் பார்த்தோம்; சின்னவர்கள் கரையில்தான். சராசரி ஒன்றரை அடி. அப்போதுதான் அக்கா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். மேல்தண்ணீர் வேகமாக ஓடும், அடித்தண்ணீர் மண்ணை உரசிக்கொண்டு மெதுவாகப் போகும், அதனால் அகலத்தையும் ஆழத்தையும் வேகத்தையும் பெருக்கி வந்த விடையை 0.85-ஆல் பெருக்குவது எங்கள் வழக்கம் என்று மட்டும் சொன்னேன். பெருக்க வரவில்லை. தசமப் பெருக்கல் அவர்களுடைய ஏணிப்படியில் இன்னும் மேலே இருந்தது. அந்த அட்டைகளை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தவர்கள் நாலு நாள் எழுந்திருக்கவில்லை. விடை நொடிக்குப் பதினொன்றரை கன அடி. ஒரு கன அடி 28.3 லிட்டர் என்று படித்துவிட்டு, நொடிக்கு 325 லிட்டர் என்றார்கள். என் பேத்திக்கு லிட்டர் பிடிபடவில்லை. வீட்டுக் குடத்தில் 15 லிட்டர் பிடிக்கும் என்று பாட்டியிடம் கேட்டு வந்து, "நொடிக்கு 21 குடத்துக்கு மேல, தாத்தா" என்றாள். அன்றைக்குச் சாயங்காலம் வண்டியில் வரும்போது வழி முழுக்கக் குடம் குடமாக எண்ணிக்கொண்டே வந்தாள்.

மொத்தம் ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் மற்ற பாடம் பின்தங்கியது உண்மை.

வெள்ளிக்கிழமை மதியம் கூட்டம். பிள்ளைகளில் ஒருவர்தான் நடத்துவார், வாரம் ஒருவர். ஊஞ்சல் முறை, காணாமல்போன கத்தரிக்கோல், மழையில் யார் சைக்கிளை நனையவிட்டது, எல்லாம் அங்கே பேசித் தீரும். ஏ. எஸ். நீல் 1921-ல் ஜெர்மனியில் தொடங்கி, பிறகு இங்கிலாந்துக்குக் கொண்டுபோன சம்மர்ஹில் பள்ளியில் இப்படித்தான், பெரியவருக்கும் பிள்ளைக்கும் ஒரே ஓட்டு. பாடத்துக்குப் போவதும் போகாததும்கூட அங்கே பிள்ளை இஷ்டம். இங்கே அவ்வளவு தூரம் போகவில்லை. பாதுகாப்பு, சாப்பாடு, தண்ணீரில் இறங்குவது ஆகிய மூன்றிலும் பெரியவர்கள் சொல்வதுதான் முடிவு. வாய்க்கால் ஓரத்தில் பள்ளி நடத்துகிறவர்கள் அப்படித்தான் இருக்கவேண்டும்.

குறைகளும் இருக்கின்றன. ஐந்தாம் வகுப்பு வரைதான். அங்கீகாரம், அரசு மாணவர் பதிவில் கொடுக்கும் எமிஸ் எண், டி.சி. எதிலும் சிக்கல் இல்லை. ஆனால் ஆறாவதுக்கு வேறு பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் முதல் பருவத்தில் தவிக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பையன், மணி அடித்ததும் பாதிக் கணக்கில் நோட்டை மூடச் சொல்கிறார்கள் என்று அழுதான். அதற்கு இவர்கள் அஞ்சாவதில் கடைசி மூன்று மாதமாவது பழக்கிவிட வேண்டும். கேட்டிருக்கிறேன், இன்னும் செய்யவில்லை. ஆங்கிலம் வாசிக்கிறார்கள், பேச வாய் வரவில்லை. போன வருஷம் நடுவில் ஒரு ஆசிரியர் போய்விட்டார். புது ஆள் வரும் வரைக்கும் அந்தப் பிள்ளைகளின் நோட்டுகளில் ஏழு வாரம் வெறும் பக்கம். நாலே பேர் இருக்கும் இடத்தில் இது பெரிய ஓட்டை. வேன் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் அந்த ரோட்டில் வண்டி சறுக்கும். இரண்டு நாள் பேத்தியைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் போனேன்.

மாசம் 900 ரூபாய் கட்டணம். ரேங்க் கார்டு இல்லை, பருவத்துக்கு நாலு பக்கத்தில் கடிதம் எழுதித் தருகிறார்கள். மாப்பிள்ளை அதை வாங்கிப் படித்துவிட்டுத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். ஏழாம் வாய்ப்பாடு தெரியுமா என்று மட்டும் பொங்கலுக்கு வந்தபோது சோதித்தார். அவள் தடுமாறித்தான் சொன்னாள், ஆனால் சொன்னாள்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். இரண்டு மாதம் பிள்ளை கையில் எழுத்துவேலை இல்லாமல் வருவதைப் பொறுக்க முடியாதவர்கள் சேர்க்கவேண்டாம், பிள்ளைக்கும் கஷ்டம், பள்ளிக்கும் கஷ்டம். மற்றவர்கள் ஏப்ரலுக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குப் போங்கள். கூட்டம் நடக்கும்போது உள்ளே உட்கார விடுவார்கள், பாய் கொடுப்பார்கள். கூட்டத்தை நடத்தும் பிள்ளை உங்களைப் பார்த்து யார் என்று கேட்கும். எழுந்து நின்று பெயரைச் சொல்லிவிட்டு உட்காருங்கள்.