மலேசியாவுல சுங்கை சிப்புட்ல கம்பியில தொங்கக் கத்துக் கொடுக்கற மாடி ஜிம், நாலு மாசம் போய்ட்டு எழுதறேன்

பழைய கடைவீட்டு மாடியிலதான் இருக்கு, கீழ மோட்டார் பட்டறை. ஈப்போ வரைக்கும் 30 கிலோமீட்டர் ஓட்டிக்கிட்டு போறதுக்கு இங்க மாசம் 80 வெள்ளி (ரிங்கிட்) தானேன்னு சேர்ந்தேன். ரெண்டாவது பிள்ளை பொறந்ததுல இருந்து இடுப்புல பலமே இல்ல, கிளினிக் கவுண்டர்ல நாள் முழுக்க உக்காந்தே இருக்கற வேலை வேற. எனக்கு வரணும்னு ஆசைப்பட்டது டோஸ் டு பார், கம்பியில தொங்கிக்கிட்டே ரெண்டு காலையும் சேர்த்துத் தூக்கி கால் விரலால கம்பியத் தொடறது.

முன்னாடி வேற ஒரு இடத்துல ஊஞ்சல் மாதிரி வேகமா ஆட்டி ஆட்டித் தூக்கச் சொன்னாங்க, ரெண்டே வாரத்துல தோள்பட்டை வலி வந்து நின்னுட்டேன். இங்க கோச் தம்பி முதல் நாளே பிள்ளை பொறந்து எத்தனை மாசம் ஆச்சுன்னு கேட்டுட்டு, வயித்துத் தசை நடுவுல பிரிஞ்சிருக்கான்னு டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்கக்கான்னு திருப்பி அனுப்பிட்டாரு. அந்த ஒரு விஷயத்துக்கே நான் மனசார நன்றி சொல்லணும்.

முதல் மூணு வாரம் வெறும் தொங்கறது மட்டும்தான். 12 செகண்ட்ல கை விட்டுடும். அப்புறம் கை மடங்காம தோள்பட்டைய மட்டும் கீழ இழுக்கணும், காதுக்கும் தோளுக்கும் நடுவுல இடம் தெரியணும். அதுக்கப்புறம்தான் முட்டியை மடக்கித் தூக்கறது. "அக்கா, காலைத் தூக்காதீங்க, இடுப்பைச் சுருட்டுங்க"ன்னு அவர் சொன்னது எனக்குப் புரியவே ஒரு மாசம் ஆச்சு, இடுப்பு உயரம் வரைக்கும் பெரும்பாலும் தொடை மேல இருக்கற தசைதான் தூக்குது, அடி முதுகு உருண்டு மேல வரும்போதுதான் வயிறு உண்மையா வேலை செய்யுது. பின்னால விளக்குமாத்துக் கட்டையைக் குறுக்க பிடிச்சிக்கிட்டு நிப்பாரு, ஆடினா குதிகால் அதுல இடிக்கும், இடிச்சா அந்தத் தடவை கணக்குல சேராது. இறக்கறதும் மெதுவா மூணு எண்ணித்தான் இறக்கணும், அதுதான் ரொம்ப கஷ்டம்.

எங்கப்பா செம்பனைத் தோட்டத்துல 30 வருஷம் பழம் வெட்டினவரு. என் கையில தோல் எழும்பி இருக்கறதப் பார்த்துட்டு, "உள்ளங்கை நடுவுல பிடிக்காதம்மா, விரல் ஆரம்பிக்கற இடத்துல பிடி, இல்லன்னா தோல் மடிஞ்சி கிழிஞ்சிடும்"னாரு. மறுநாள் கோச்சும் அதையேதான் சொன்னாரு!

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை இடது கால் கட்டை விரல் மட்டும் கம்பியில பட்டுச்சு, சில்லுன்னு இருந்துச்சு, வலது கால் ஒரு சாண் கீழயே நின்னுடுச்சு. வியாழக்கிழமை ரெண்டு காலும் தொட்டுச்சு. இப்ப தொடர்ந்து மூணு தடவை ஆடாம பண்றேன்.

குறையும் இருக்கு. ரெண்டு காத்தாடியில ஒண்ணு ஓடாது, மத்தியானம் தகரக்கூரை வெக்கை தாங்காது. நல்ல கம்பி ஒண்ணே ஒண்ணுதான், இன்னொண்ணு தடியான தண்ணிக் குழாய், சின்னக் கைக்குப் பிடியே கிடைக்காது, இத மாத்தச் சொல்லி ரெண்டு தடவை கேட்டுட்டேன், இன்னும் மாத்தல. கை வழுக்காம தடவிக்கற சாக் பவுடர் எல்லாருக்கும் ஒரே பேசின்ல இருக்கும், சொந்தமா ஒரு கட்டி வாங்கிக்கோங்க. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல வரிசையில நிக்கணும், பாசார் மாலாம் (இரவுச் சந்தை) அன்னிக்கு மோட்டார் நிறுத்தக்கூட இடம் கிடைக்காது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் போனா கம்பி காலியா இருக்கும். பசியாறிட்டு உடனே மட்டும் போகாதீங்க, காலைத் தூக்கினா எல்லாம் தொண்டைக்கு வரும்.