'படமே இருட்டு தம்பி'ன்னு சொன்னா நம்பாதீங்க: உச்சிப்புளி, மண்டபம் பக்கம் இருக்கிறவங்க கவனத்துக்கு

உச்சிப்புளி தாண்டி மண்டபம் போற ரோட்டுல ஒரு சின்ன ஹால்ல சனிக்கிழமை ராத்திரி இங்கிலீஷ் படம் போடுறாங்க. பேர் வேண்டாம், அந்தப் பக்கத்து ஆளுகளுக்குத் தெரியும். ஏலியன், பிரிடேட்டர்னு ரெண்டு வேற்றுக்கிரக ஜந்துங்க மோதுற 'ஏலியன் வெர்சஸ் பிரிடேட்டர்' ரெண்டு பாகமும் ஒரே ராத்திரியில, ஃபோர்கே துல்லியம், கட் இல்லைன்னு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வச்சிருந்தாங்க. ஆளுக்கு 300 ரூபா, முன்கூட்டியே ஜிபே.

இந்தக் கூட்டணி மேல எங்க செட்டுக்கு இருக்கிற நப்பாசை பழசு. 1990ல வந்த 'பிரிடேட்டர் 2' கடைசியில, பிரிடேட்டரோட விண்கப்பல்ல வரிசையா மாட்டியிருக்கிற மண்டையோட்டுல ஒண்ணு ஏலியனோடது. அந்த ஒத்த மண்டையோட்டுக்காக 14 வருஷம் உலகமே காத்திருந்துச்சு. 2004ல வந்ததோ, ரத்தத்தை அடக்கி, பசங்களும் பாக்கலாம்ங்கிற பிஜி-13 சர்டிபிகேட் வாங்கின படம். அதுக்கு முன்னாடி வந்த ஏலியன், பிரிடேட்டர் எல்லாமே 17 வயசுக்குக் கீழ தனியாப் பாக்க முடியாத ஆர் சர்டிபிகேட். அது ஹாலிவுட்காரன் போட்ட நாமம். அதுக்கு ஹால்காரரைத் திட்டப் போறதில்லை.

அவர் போட்ட நாமம் வேற. முதல் படத்துல கதாநாயகி நேபாளத்துல பனிச்சுவர்ல ஏறுற சீன் வரும். பட்டப்பகல், கண்ணு கூசணும். இங்க பனி கருவாடு அலசின தண்ணி கலர்ல இருந்துச்சு. திரை மூலையில டிவி சேனல் லோகோவை வேற மங்கலா அழிச்சு வச்சிருந்தாங்க. இதுதான் ஃபோர்கே, இதுதான் கட் இல்லாத பிரிண்ட்!

ரெண்டாவது படம் 2007ல வந்த 'ரெக்வியம்'. இதுல ரத்தத்துக்குப் பஞ்சமில்லை, ஆர் சர்டிபிகேட்தான். ஆனா ராத்திரி, மழை, அதுக்கு மேல ஊருக்கே கரண்ட் போயிரும். நல்ல தியேட்டர்ல பார்த்தவங்களே யார் யாரை அடிக்கிறாங்கன்னு தெரியலைன்னு புலம்பின படம். ஆஸ்பத்திரி மொட்டை மாடியில பிரிடேட்டரும், ரெண்டு ஜந்தும் கலந்து பொறந்த பிரிடேலியனும் மோதுற சண்டை எங்களுக்கு வெறும் சத்தமாத்தான் வந்துச்சு.

எழுந்து போய் ஹால்காரர்கிட்ட கேட்டா, "படமே இருட்டுப் படம் தம்பி, நெட்ல போட்டுப் பாருங்க"ன்னாரு. உண்மைதான், அதனாலதான் அந்தப் பொய் செல்லுபடியாகுது. "அப்ப நேபாளத்துல பகல்லயும் கரண்ட் போயிருச்சா அண்ணே?"ன்னு கூட வந்த கீழக்கரை மாப்ள கேட்டுட்டு, புரொஜெக்டர் ரிமோட்டை எடுத்து மெனுவைத் திறந்தான். லேம்ப் மாத்தச் சொல்லி எச்சரிக்கை வந்து நிக்குது, அதுக்கு மேல வெளிச்சத்தைக் குறைச்சு கரண்டை மிச்சம் பிடிக்கிற ஈகோ மோட். லேம்ப் வச்ச புரொஜெக்டர்ல அதோட ஆயுள் முடியுறப்ப வெளிச்சம் பாதிக்குப் பாதி போயிரும். காத்து போற ஃபில்டர்ல கடல் காத்தோட உப்பும் தூசியும் அப்பிக் கெடந்துச்சு. "கைய வைக்காதீங்க, வாரண்டி போயிரும்"னு ரிமோட்டைப் பிடுங்கிக்கிட்டாரு.

காசு திரும்பி வரலை. "அடுத்த வாரம் சும்மா வந்து பாருங்க"ன்னாரு. அதே லேம்ப்ல என்னத்தைப் பாக்க?

இப்ப 2025ல வந்த 'பிரிடேட்டர்: பேட்லேண்ட்ஸ்' போடுறதா புது ஸ்டேட்டஸ் ஓடுது. அதுலயும் ஏலியன் படத்து வேலண்ட்-யுடானி கம்பெனி ரோபோக்கள் வர்றதால நம்ம பசங்க கண்டிப்பா கிளம்புவாங்க. போறவங்க ஜிபே பண்றதுக்கு முன்னாடி நேர்ல போய், விளக்கை அணைச்சு வெறும் வெள்ளைத் திரையைப் போட்டுக் காட்டச் சொல்லுங்க. மெனுவுல லேம்ப் ஹவர்ஸையும், அதாவது லேம்ப் எத்தனை மணி நேரம் ஓடியிருக்குங்கிறதையும் காட்டச் சொல்லுங்க. காட்ட மாட்டேன்னா வண்டியைத் திருப்பிருங்க.