சின்னக் குப்பிக் கண்சொட்டு: உள்ளே இருக்கும் மருந்தும் மேலே இருக்கும் மூடியும்

எங்கள் ஆடிட்டர் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்ணுக்கு, கண் உலர்வுக்கு நான் போடும் அதே கண்சொட்டை டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். “அக்கா, நீங்க ரொம்ப வருஷமா போடுறீங்களே, விலை இவ்வளவு சொல்றாங்க, வாங்கலாமா?” என்று கேட்டாள். சாப்பாட்டு நேரத்துக்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை. அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

மருந்து என்ன என்பது இதைத் தேடி வருகிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். கண்ணுக்கு ஈரம் கொடுக்கும் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் 0.5 சதவீதம், கிருமி வளராமல் தடுக்கச் சேர்க்கும் பிரிசர்வேட்டிவ் இல்லை, 0.4 மில்லி குப்பி, ஒருமுறை திறந்தால் அதோடு சரி. எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. நான் சொல்லப்போகும் குறை நான் வாங்கிப் பார்த்த எல்லாவற்றிலும் இருந்தது.

எனக்கு மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம் உண்டு. அதற்கான ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை விழித்திரையைப் பாதிக்கிறதா என்று அவ்வப்போது கண்ணைச் சோதித்துக்கொள்ள வேண்டும். அப்படிப் போன இடத்தில்தான், விழித்திரை நன்றாக இருக்கிறது, கண்ணின் மேற்பரப்புதான் காய்ந்து கிடக்கிறது என்றார்கள். கீழ் இமைக்குள் மெல்லிய தாள் பட்டையைச் செருகி ஐந்து நிமிடம் உட்கார வைத்தார்கள். ஷிர்மர் சோதனை. பத்து மில்லிமீட்டருக்கு மேல் நனைந்தால் கவலை இல்லை, ஐந்துக்குக் கீழே போனால் கண்ணீர் சுரப்பே குறைவு என்று அர்த்தம். என் தாள் ஐந்தை எட்டவில்லை.

முதலில் எழுதிக் கொடுத்தது சாதாரண பாட்டில் சொட்டுதான். மலிவு, ஒரு மாதம் வரும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை போட்டவரை நன்றாகத்தான் இருந்தது. பிறகு தேவை கூடியது. ஆபீஸில் ஏசி காற்று நேராக முகத்தில் அடிக்கும், மார்ச் மாதக் கணக்கு முடிப்பு வந்தால் பகல் முழுக்க ஸ்கிரீன். எட்டுத் தடவை, ஒன்பது தடவை என்று போனபோது, போட்ட பிறகு எரிச்சல் குறையவில்லை, கூடியது. டாக்டர் பாட்டிலை வாங்கி லேபிளைப் பார்த்தார். பென்சல்கோனியம் குளோரைடு. பாட்டிலில் கிருமி வளராமல் தடுக்கச் சேர்க்கும் பிரிசர்வேட்டிவ் இதுதான். அது சோப்பு போல வேலை செய்யும் பொருள். கிருமியின் உறையை உடைப்பது போலவே கண்ணீர்ப் படலத்தின் எண்ணெய்ப் பூச்சையும் குலைக்கும், அடிக்கடி பட்டால் கருவிழியின் மேல் செல்களையும் புண்ணாக்கும். நாளைக்கு நான்கு தடவைக்கு மேல் சொட்டு தேவைப்படுகிறவர்கள் பிரிசர்வேட்டிவ் இல்லாததற்கு மாறுவது நல்லது என்று சொல்லி இந்தக் குப்பியை எழுதினார்.

மாறிய சில வாரங்களில் வந்த நிம்மதியை நான் மறக்க மாட்டேன். கண்ணில் மண் விழுந்தது போன்ற உறுத்தல் பாதியாகக் குறைந்தது. இரவில் எதிரே வரும் வண்டி விளக்குகள் சிதறித் தெரிந்தது சரியானது. கண்ணீர்ப் படலம் மொத்தமே சில மைக்ரான் கனம்தான். அது ஒரே சீராக இருந்தால்தான் பார்வை தெளிவாக இருக்கும், இமைக்கும் முன்னே அங்கங்கே உடைந்துவிட்டால் எந்தக் கண்ணாடி போட்டாலும் எழுத்து மங்கும். சொட்டுப் போட்டதும் எண்கள் கூர்மையாகும்போது எனக்கு இன்னும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. மருந்தைப் பற்றி என்னிடம் ஒரு குறையும் கிடையாது.

குறை அதன் மூடியில்.

இந்தக் குப்பியைத் திறக்க, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சின்னத் தகட்டை இரண்டு விரலால் பிடித்துத் திருகி ஒடிக்க வேண்டும். என் சுண்டுவிரல் நகம் அளவு கூட இருக்காது. முடக்குவாதம் உள்ளவர்களுக்குக் காலை எழுந்ததும் விரல் மடங்காது. அந்த விறைப்பு ஒரு மணி நேரம், சில நாள் அதற்கு மேலும் நீடிக்கும். கண் மிக மோசமாகக் காய்ந்திருப்பதும் அதே நேரத்தில்தான். ராத்திரி முழுக்கக் கண்ணீர் சுரப்பு குறைந்து, ஃபேன் காற்றும் பட்டு, இமையைத் திறக்கும்போதே உள்ளே ஒட்டிக்கொண்டு உரசும். சொட்டு எப்போது அதிகம் தேவையோ, அப்போதுதான் என் கைக்குக் குப்பியைத் திறக்கத் தெம்பில்லை. வீட்டுக்காரர் இருந்தால் திருகிக் கொடுப்பார். ஊரில் இல்லாத நாட்களில் துண்டின் நுனியில் தகட்டைச் சுற்றி, உள்ளங்கையால் அழுத்தித் திருகுவேன். சில சமயம் தகடு வரும்போதே மருந்தும் பீய்ச்சிப் போய்விடும். கத்தரியால் வெட்டலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வெட்டிய பிளாஸ்டிக் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், கருவிழியில் பட்டால் கீறிவிடும். பல்லால் கடிப்பதும் வேண்டாம், வாயில் இருக்கும் கிருமி கண்ணுக்குப் போகும்.

இது எனக்கு மட்டும் வந்த தனிக் கஷ்டம் என்று விட்டுவிட முடியாது. ஹென்ரிக் ஷோக்ரன் என்ற சுவீடன் நாட்டுக் கண் மருத்துவர் 1933-ல் தன் ஆய்வேட்டில் கண் உலர்ந்த 19 பெண்களைப் பற்றி எழுதினார். அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு மூட்டு நோயும் இருந்தது. உடலின் எதிர்ப்பு சக்தியே கண்ணீர்ச் சுரப்பியையும் உமிழ்நீர்ச் சுரப்பியையும் தாக்கும் அந்த நோய்க்கு இன்று அவர் பெயர்தான். அது தனியாகவும் வரும், முடக்குவாதத்தோடு சேர்ந்தும் வரும். கண் உலர்வும் விரல் மூட்டும் சேர்ந்தே கெடும் என்பது 90 வருடமாகத் தெரிந்த விஷயம். சாதாரண உலர்வு கூட வயது ஏற ஏறத்தான் கூடுகிறது, அதுவும் மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு. இந்த மருந்தை வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு விரலில் வலு குறைவாக இருக்கும் என்று, குப்பியை வடிவமைத்தவர்களில் ஒருவராவது யோசித்திருக்க வேண்டும். தகட்டை இன்னும் கொஞ்சம் அகலமாக வைத்திருந்தால் போதும். குப்பியின் மேல் காலாவதித் தேதியை, நிறமே இல்லாத பிளாஸ்டிக்கில் நிறமே இல்லாமல் புடைப்பாக அச்சடித்திருக்கிறார்கள். கண் சரியில்லாதவர்கள் படிக்க வேண்டிய எழுத்து அது!

அடுத்தது, வீணாவது. பாட்டிலிலிருந்து விழும் ஒரு சொட்டு சுமார் 40 மைக்ரோலிட்டர். இரண்டு கண்ணுக்கும் ஒவ்வொரு சொட்டு என்றால் 0.08 மில்லி. குப்பியில் இருப்பது 0.4. ஐந்தில் ஒரு பங்கு கண்ணுக்கு, நான்கு பங்கு குப்பைக்கு. காசு கொடுத்ததாயிற்றே என்று மூன்று சொட்டு ஊற்றினாலும் பயனில்லை. கண்ணில் இயல்பாக நிற்கும் கண்ணீரே பத்து மைக்ரோலிட்டருக்குள்தான், இழுத்துப் பிடித்தாலும் முப்பது வரை தாங்கும். மீதி கன்னத்தில் வழியும்.

வீணாக்காமல் மூடி வைத்துச் சாயங்காலம் போடலாமே என்று எனக்கும் தோன்றும். ஆனால் அதை ஏன் செய்யக் கூடாது என்பதற்கு நம் ஊரோடு தொடர்புள்ள ஒரு துயரம் இருக்கிறது. 2023-ல் அமெரிக்காவில், சென்னையைச் சேர்ந்த ஒரு மருந்து நிறுவனம் தயாரித்த செயற்கைக் கண்ணீர் சொட்டைப் பயன்படுத்திப் பலருக்கு, மருந்துக்குக் கட்டுப்படாத சூடோமோனாஸ் கிருமி தொற்றியது. 18 மாநிலங்களில் 81 நோயாளிகள். 14 பேருக்குப் பார்வை போனது, 4 பேருக்குக் கண்ணையே எடுக்க வேண்டி வந்தது, 4 பேர் இறந்தார்கள். பிரிசர்வேட்டிவ் போதுமான அளவு இல்லாத மருந்தைப் பல நாள் பயன்படுத்தும் பாட்டிலில் அடைத்ததை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை குறைகளில் ஒன்றாகச் சொன்னது. அந்தச் செய்தியைப் படித்த பிறகு, திறந்த குப்பியை எடுத்து வைக்க எனக்கு மனம் வருவதில்லை. திறந்த குப்பியை எறியச் சொல்வது நியாயம். ஆனால் எறியத்தான் போகிறோம் என்றால் பாதி அளவு அடைத்து, விலையையும் குறைக்கலாமே?

வால்வு வைத்த பாட்டிலும் கிடைக்கிறது. பிரிசர்வேட்டிவ் இல்லாமலே, வெளிக் காற்று உள்ளே போகாதபடி செய்தது. வாங்கிப் பார்த்தேன். அதைப் பிதுக்கச் சாதாரண பாட்டிலை விட அதிக அழுத்தம் வேண்டும். என் கைக்கு அதுவும் ஆகவில்லை. விரல் நன்றாக இருக்கிறவர்களுக்கு அதுதான் சரியான தேர்வு என்று நினைக்கிறேன்.

மற்றவற்றைப் பற்றிச் சுருக்கமாக. சைக்ளோஸ்போரின் 0.05 சதவீதச் சொட்டும் போடுகிறேன். வெறும் ஈரம் கொடுக்கும் மருந்து இல்லை அது, சுரப்பியைத் தாக்கும் அழற்சியைக் குறைப்பது. ஆரம்பத்தில் எரியும், பலன் தெரிய மாதங்கள் ஆகும், பலர் அதற்குள் நிறுத்திவிடுகிறார்கள். எனக்குப் பலன் தெரிந்தது. மீன் எண்ணெய் மாத்திரை நிறுத்திவிட்டேன். 2018-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் தினம் 3 கிராம் ஒமேகா-3 ஒரு வருடம் சாப்பிட்டவர்களுக்கும், ஆலிவ் எண்ணெய் சாப்பிட்டவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. செலவே இல்லாமல் பலன் தருவது வெந்நீர் ஒத்தடம். இமை ஓரத்தில் வரிசையாக எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. அந்த எண்ணெய் கெட்டியாகி அடைத்துக்கொண்டால் கண்ணீர் சீக்கிரம் ஆவியாகிவிடும். துணியைப் பொறுக்கும் சூட்டில் நனைத்து, ஆற ஆற மாற்றி, பத்து நிமிடம் வைத்துவிட்டு, மேல் இமையைக் கீழ்நோக்கியும் கீழ் இமையை மேல்நோக்கியும் மெல்ல நீவ வேண்டும். ஒத்தடத்தில் என் விரலும் கொஞ்சம் தளர்கிறது. அதனால் இப்போது காலையில் ஒத்தடம் முதலில், குப்பி பிறகு.

கடையில் கேட்டால் கொடுக்கிற ‘சிவப்புப் போக்கும்’ சொட்டையும், பழைய சீட்டை வைத்து வாங்குகிற ஸ்டீராய்டு சொட்டையும் தயவுசெய்து தொடாதீர்கள். முதலாவது நிறுத்தியதும் கண்ணை முன்னைவிடச் சிவக்க வைக்கும். இரண்டாவது கண்ணின் அழுத்தத்தை ஏற்றிப் பார்வை நரம்பைக் கெடுக்கும், புரையும் வரும். கண் எரிகிறது என்று போய்க் கண்ணை இழக்கக் கூடாது.

சரி, மதிப்பெண். மருந்துக்கு ஐந்துக்கு ஐந்து. மொத்தத்தில் இரண்டு. மருந்து இவ்வளவு நல்லது என்று எழுதிவிட்டு இரண்டா என்று கேட்பீர்கள். இன்று காலை இரண்டு குப்பி என் கையில் நசுங்கி வீணாகி, மூன்றாவதுதான் திறந்தது. அதுவரை கண்ணை மூடிக்கொண்டு குளியலறை வாசலில் நின்றேன். மருந்து எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கண்ணுக்குப் போய்ச் சேர்ந்தால்தானே?

ஆபீஸ் பெண்ணுக்கு: உனக்கு விரல் நன்றாக இருக்கிறது, திறப்பதில் சிரமம் இருக்காது. ஆனால் உனக்கு இவ்வளவு விலையில் இது வேண்டுமா என்று டாக்டரிடம் ஒரு தடவை கேள். ஸ்கிரீனைப் பார்க்கும்போது நாம் இமைப்பது பாதிக்கும் கீழே குறைகிறது, இமைத்தாலும் முழுதாக மூடுவதில்லை. உன் பிரச்சினை அதுவாக மட்டும் இருந்தால், நாளைக்கு இரண்டு மூன்று தடவை சாதாரண பாட்டிலே போதும் என்று அவரே சொல்லலாம். உன் மானிட்டரைக் கண் மட்டத்துக்குக் கீழே இறக்கு, கண் திறந்திருக்கும் பரப்பு குறையும். அந்த ஏசி காற்றுத் திசையை மாற்றச் சொல்லி நாம் இருவரும் சேர்ந்தே மேனேஜரிடம் கேட்போம். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுவதாகச் சொன்னாயே, அதை மறக்காமல் கண் டாக்டரிடம் சொல். அது இமையின் எண்ணெய்ச் சுரப்பியை வற்ற வைக்கும். வாய் உலர்கிறதா, மூட்டு வலிக்கிறதா என்று அவர் கேட்காவிட்டாலும் இருந்தால் நீயே சொல்லிவிடு.