நெல்லையில் வி.ஆர். விமான சிமுலேட்டர்: எதைக் கொண்டுவரலாம், எதை ஊரிலேயே செய்யலாம்

பாளையங்கோட்டையில் அக்கா வீட்டு மாடி அறையில் ஒரு விமான சிமுலேட்டர் அமைத்துக் கொடுத்துவிட்டு, ஆனி, ஆடி விடுமுறை முடிந்து அபுதாபி திரும்பியிருக்கிறேன். அக்கா மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவன்; விமானியாக வேண்டும் என்று இருக்கிறான். நான் பல வருடமாக வீட்டுக் கம்ப்யூட்டரில் வி.ஆர். ஹெட்செட் (இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம் காட்டும், முகத்தில் மாட்டும் திரை) மாட்டிக்கொண்டு பறக்கிறவன் என்பதால் பொறுப்பு என் தலையில் வந்தது. திருநெல்வேலிச் சுற்றுவட்டாரத்தில் எந்த வேலைக்கு எந்த மாதிரி ஆளைத் தேட வேண்டும் என்பதை விவரமாக எழுதி வைக்கிறேன், அடுத்து வருகிறவர்களுக்கு உதவும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹெட்செட்டைக் கையோடு கொண்டுவாருங்கள். கம்ப்யூட்டரை இந்திய பில்லோடு ஊரில் வாங்குங்கள். மற்றதெல்லாம், அதாவது கண்ணாடி, ஸ்டாண்ட், மின்சாரம், ரிப்பேர் எல்லாம், நெல்லைக் கைவேலைக்காரர்களிடம் கொடுங்கள். அபுதாபியில் இப்படி ஒரு வேலையைச் செய்துதர எனக்கு ஒரு ஆள் கிடைத்ததில்லை.

கொண்டுபோனது மெட்டா குவெஸ்ட் 3. 2023 அக்டோபரில் வந்தது, ஒரு கண்ணுக்கு 2064 x 2208 புள்ளிகள். விமானி அறையின் மீட்டர் எழுத்துகளை முகத்தை நீட்டாமல் படிக்க இந்த அளவாவது வேண்டும். நெல்லைக் கடைகளில் நான் விசாரித்தவரை இது இல்லை. இணையத்தில் பார்த்த விற்பனையாளர்கள் வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, தங்கள் கடை வாரண்டி மட்டும் தருகிறவர்கள். திருவனந்தபுரத்தில் இறங்கும்போது வாங்கிய பில் கைப்பையில் இருக்கட்டும். மடிக்கணினி ஒன்றுக்குச் சுங்கத்தில் தனி விலக்கு உண்டு, ஹெட்செட்டோ பொது வரம்புக்குள் கணக்காகும். வரம்பு அவ்வப்போது மாறும் என்பதால் கிளம்புமுன் ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய ஹெட்செட் மலிவாக வருகிறதே என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எச்.பி. ரிவெர்ப் ஜி2 ஒரு காலத்தில் சிமுலேட்டர்காரர்களின் செல்லப்பிள்ளை, படம் அவ்வளவு தெளிவு. ஆனால் அது நம்பியிருந்த விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி என்ற மென்பொருளை, 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்போடு மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது. அதிகாரபூர்வ ஆதரவு இல்லாத பொருளை, அதிலும் கம்ப்யூட்டருக்குப் புதிதான பையனுக்கு, வாங்கித் தராதீர்கள்.

அடுத்து கம்ப்யூட்டர். வண்ணார்பேட்டை, ஜங்ஷன் பக்கம் கடைகளுக்குக் குறைவில்லை. நான் முதலில் போன கடையில் பில் இல்லாமல் வாங்கினால் இவ்வளவு குறையும் என்று பேச்சை ஆரம்பித்தார்கள், எழுந்து வந்துவிட்டேன். கிராஃபிக்ஸ் கார்டு பழுதானால் மதுரைக்கோ சென்னைக்கோ கூரியரில் போகும். பில்லும் அதில் எழுதிய சீரியல் நம்பரும் இல்லாவிட்டால் அந்த வாரண்டியால் பயனில்லை. இன்னொரு கடையில் இருந்த தம்பி நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். சிமுலேட்டர் மற்ற விளையாட்டுகள் மாதிரி இல்லை. காற்று, இன்ஜின், கருவிகள் என்று பெரும்பாலான கணக்கை பிராசஸரின் ஒரே ஒரு கோர் இழுத்துக்கொண்டு ஓடும், மற்ற கோர்கள் பாதி சும்மா இருக்கும். அதனால் கோர் எண்ணிக்கையைவிட, பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான கேஷ் நினைவகம் முக்கியம். ரைசன் 7 7800எக்ஸ்3டி-இல் எல்3 கேஷ் 96 எம்.பி.; அதைத்தான் கேட்டேன். மூன்று நாளில் வரவழைத்துக் கொடுத்தார். கார்டு ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ, 16 ஜி.பி. நினைவகம். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிய ஏற்றத்தில், அதற்கு மட்டும் நினைத்ததைவிட நிறையக் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஹெட்செட்டில் பார்க்க கம்ப்யூட்டருக்கு ஏன் இவ்வளவு பலம் வேண்டும் என்று மருமகன் கேட்டான். 72 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 72 படமாக, ஓட்டினால் ஒவ்வொரு படத்துக்கும் கிடைப்பது 13.9 மில்லிசெகண்ட்தான், அதற்குள் இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக வரைந்து முடிக்க வேண்டும். மானிட்டரில் ஒரு படம் தாமதமானால் லேசாகத் தடுக்கும், அவ்வளவுதான். தலையில் மாட்டியிருக்கும்போது தடுக்கினால் வயிற்றைப் புரட்டும். முழு வேகம் வராவிட்டால் 36-இல் நிறுத்தி, இடையில் ஒரு படத்தை மென்பொருளே இட்டுக்கட்டும் வசதி உண்டு. நிலையாக வரும் 36, ஏறி இறங்கும் 60-ஐவிட நல்லது.

கடையில் அசெம்பிள் பண்ணித் தரும்போது இரண்டு விஷயத்தை நின்று பாருங்கள். ரேம் ஒரே குச்சியாக இல்லாமல் இரண்டாக, சரியான இரண்டு இடத்தில் மாட்டியிருக்கிறதா? பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரையில்) ரேமை முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போவைப் போட்டிருக்கிறதா? போடாவிட்டால் 6000 வேக ரேம் 4800-இல் ஓடிக்கொண்டிருக்கும், யாருக்கும் தெரியாது. அந்தத் தம்பி நான் கேட்கும் முன்பே இரண்டையும் செய்து காட்டினார்.

இனி மின்சாரம். இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊரில் பலர் ஹெட்செட்டையும் கேபிளையும் சந்தேகப்படும் கோளாறு உண்மையில் சுவரில் இருக்கிறது. மாடியில் எல்லாம் மாட்டி ஓட்டினோம். கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுருசுருவென்று ஏறியது. பறக்கும்போது யூ.எஸ்.பி. அறுந்து அறுந்து சேர்ந்தது, ஹெட்செட்டில் படம் போய்ப் போய் வந்தது. பவர் சப்ளையின் உள்ளே மின் இரைச்சலை வடிகட்டும் சிறு கெப்பாசிட்டர்கள், வரும் கரண்டில் மிகக் கொஞ்சத்தை எர்த்துக்கு அனுப்பும். எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி கேபினெட் தகட்டில் வந்து உட்காரும், யூ.எஸ்.பி. கேபிளின் உறையிலும்தான்.

தெருமுனை எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டேன். வயசானவர், நிதானமான கை. பிளக் பாயிண்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டரை வைத்தார், 38 வோல்ட் காட்டியது. பின்பக்கம் முருங்கை மரத்தடிக்குப் போய் எர்த் குழியைக் கிளறினார். "எர்த்து செத்துப்போச்சு தம்பி. பைப்பு மண்ணோட மண்ணாயிட்டு" என்றார். மறுநாள் காலையில் ஆள் கூட்டிவந்து புதுக்குழி தோண்டி, எட்டடி ஜி.ஐ. பைப்பை நிறுத்தி, அடுப்புக்கரி ஒரு அடுக்கு, கல் உப்பு ஒரு அடுக்கு என்று மாற்றி மாற்றிப் போட்டு மிதித்து நிரப்பினார். வாயில் புனல் வைத்து இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். சாயங்காலம் மீட்டர் ஒன்றரை வோல்ட் காட்டியது. சுருசுருப்பும் இல்லை, யூ.எஸ்.பி.யும் அதற்குப் பிறகு ஒருதரம்கூட அறுபடவில்லை. "கோடையில குழி காயாம தண்ணி ஊத்தணும்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார். சிமுலேட்டருக்கு மட்டுமில்லை, வீட்டில் ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் தொடுகிற எல்லோருக்கும் இது உயிர் காக்கிற வேலை. உங்கள் வீட்டு எர்த்தைச் சோதித்து எத்தனை வருடமாயிற்று என்று கேட்டுப் பாருங்கள்.

யு.பி.எஸ். கேட்டால் கடையில் முதலில் எடுத்து வைப்பது 600 வி.ஏ. பெட்டி. அது தாங்குவது 360 வாட்தான். எங்கள் கம்ப்யூட்டர் பறக்கும்போது 480 வாட் இழுத்தது. 1500 வி.ஏ. வாங்கினோம், அதுவும் சைன் வேவ் என்று கேட்டு. நல்ல பவர் சப்ளைகளுக்கு சதுர அலை இன்வெர்ட்டர் ஒத்துக்கொள்ளாது, மாறுகிற நொடியில் அணைந்துவிடலாம். ஆடிக் காற்றில் பேஸ் போவதும் வருவதுமாக இருக்கும் ஊரில் இது கட்டாயம்.

கண்ணாடி போடுகிறவர்களுக்கான தீர்வு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மருமகனுக்கு இரண்டரை மைனஸ் பவர். கண்ணாடியோடு ஹெட்செட் மாட்டினால் இரண்டு லென்ஸும் உரசிக் கீறல் விழும். ஜங்ஷன் பக்கம் அரவிந்த் கண் மருத்துவமனையில் புதிதாகக் கண் பார்த்து பவர் எழுதி வாங்கினோம். பொறியியல் மாணவர்களுக்கு புராஜெக்ட் பாகங்கள் அச்சடித்துத் தரும் ஒரு 3டி பிரிண்ட் கடையில், குவெஸ்ட் 3 லென்ஸின்மேல் மாட்டும் வளையச் சட்டத்தை அச்சடித்தோம். பிளாஸ்டிக் வகையில் பி.எல்.ஏ. வேண்டாம், பி.இ.டி.ஜி.யில் அடியுங்கள் என்று கேட்டு வாங்குங்கள். பி.எல்.ஏ. 60 டிகிரியிலேயே இளகும், நம் ஊர் வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்தால் நெளிந்துவிடும். அந்தச் சட்டத்தைக் கொண்டுபோய் கண்ணாடிக்கடையில் கொடுத்தேன். கடைக்காரர் இதுவரை இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அட்டையில் அளவு வரைந்து, லென்ஸைத் தேய்த்துத் தேய்த்துப் பொருத்தி, கடைசியில் நகத்தால் சுண்டி, ஆடவில்லை என்று காட்டினார். பவர் விஷயத்தில் ஒரு குறிப்பு: ஹெட்செட்டுக்குள் விமானக் கருவிகள் பக்கத்தில் தெரிந்தாலும் கண் குவிவது ஒரே தொலைவில், ஒரு மீட்டருக்கும் மேல். ஆகவே தூரத்தில் இருப்பதைப் பார்க்க எழுதிய பவர் மட்டும் போதும். நாற்பது தாண்டியவர்கள் பைஃபோகல் போடச் சொல்லாதீர்கள்.

ஜாய்ஸ்டிக் மருமகனிடம் பழையது ஒன்று இருந்தது. அதன் பிடியைத் திருகினால் ரட்டர், அதாவது விமானத்தின் வால் சுக்கான், வேலை செய்ய வேண்டும். தேய்ந்துபோய் தானாகத் துள்ளியது, விமானம் ஓடுபாதையில் வாலை ஆட்டியது. டவுனில் கோயில் கொடை விழாக்களுக்கு மைக் செட் போடுகிறவர் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேரும் பார்ப்பார் என்று சொன்னார்கள், போனோம். பிரித்து, உள்ளே இருந்த சிறிய பொட்டன்ஷியோமீட்டரை (திருகினால் மின்தடை மாறும் பாகம்) விளக்கடியில் பிடித்தார். "அண்ணாச்சி, இதுல பி10கேன்னு போட்டிருக்கு பாத்தீங்களா? வால்யூமுக்குப் போடுறது ஏ. அதப் போட்டா நடுவுல நிக்காது, ஒரு பக்கமா இழுக்கும்." பி என்றால் சீராக ஏறுவது, ஏ என்றால் காதுக்கு ஏற்றபடி வளைந்து ஏறுவது. இணையத்தில் பலர் தவறவிடும் இடம் இது. அவர் டப்பாவில் துழாவி ஒரு பி10கே எடுத்து, கால்களை மடக்கிப் பற்றவைத்துக் கொடுத்தார். ஆடி மாதம் கொடைக் காலம் என்பதால் ஒரு வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அவசரமென்றால் ஆனியிலேயே போய்விடுங்கள். ஆனாலும் நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தை ஒட்டி ரதவீதிப் பக்கம் வண்டியில் போக முடியாது.

ஸ்டாண்ட் மேலப்பாளையத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் செய்தது. ஒரு இஞ்ச் சதுர பைப், ஜாய்ஸ்டிக்குக்கும் திராட்டிலுக்கும் (இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடி) தனித்தனி தட்டு, உயரம் மாற்ற போல்ட். நாற்காலியின் சக்கரங்களைக் கழற்றி நிலையான கால் வைத்தும் கொடுத்தார்கள். நாளைக்கு பெடல் வாங்கினால் மிதிக்கும்போது நாற்காலி பின்னால் ஓடாது.

இணையம் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2024 நவம்பரில் வந்த புதிய மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் நிலப்படத்தைப் பறக்கப் பறக்க இறக்கிக்கொள்ளும், அதனால் லைன் போனால் கீழே தரை மங்கிவிடும். வாய்க்கால் வேலைக்குத் தோண்டி ஃபைபர் அறுந்த நாட்களில் எக்ஸ்-பிளேன் 12 ஓட்டினோம், அது வட்டிலிருந்தே ஓடும்.

வெயிலைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஹெட்செட்டை ஜன்னலோரம் லென்ஸ் மேலே பார்க்க வைக்காதீர்கள். அந்த லென்ஸ் சூரிய ஒளியைக் குவித்து உள்ளே இருக்கும் திரையைச் சுட்டுவிடும், சில நொடி போதும். அக்கா ஒரு பழைய தலையணை உறையைத் தைத்து மூடி போட்டுவிட்டாள். முகத்துக்கு நேராக மேஜை ஃபேன் வைத்தால் லென்ஸில் வியர்வை ஆவி படியாது, குமட்டலும் குறையும். முதல் வாரம் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். தலை கனத்தால் உடனே கழற்ற வேண்டும்; சமாளித்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால் அன்றைய நாள் போய்விடும்.

மருமகன் பழகிய பாதை இது. வாகைக்குளத்தில் இருக்கும் தூத்துக்குடி விமான நிலையத்தில் செஸ்னா 172 என்ற சிறு விமானத்தைக் கிளப்பி, தாமிரபரணியை ஒட்டி மேற்கே ஸ்ரீவைகுண்டம், பாளையங்கோட்டை, சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் என்று போய் பாபநாசம் அணை. வாகைக்குளத்து ஓடுபாதை முன்பு 1350 மீட்டர்தான். இப்போது 3115 மீட்டராக நீட்டி, 2025 ஜூலையில் புது முனையமும் திறந்துவிட்டார்கள். பொதிகை உச்சி 1868 மீட்டர், ஏறக்குறைய 6,100 அடி. தென்மேற்குக் காற்று மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும் காலத்தில், நிகழ்நேர வானிலையைப் போட்டுக்கொண்டு மலைக்கு அருகே போனால் விமானம் குலுங்குகிறது. ஹெட்செட்டில் தலையைத் திருப்பி இறக்கைக்கு அப்பால் மலை எவ்வளவு தூரம் என்று கண்ணாலேயே மதிப்பிட முடிகிறது. தரையிறங்கும்போது எந்த உயரத்தில் மூக்கைத் தூக்குவது என்பதும் அப்படித்தான். மானிட்டரில் இந்த ஆழம் வராது, அதற்காகத்தான் இவ்வளவு செலவும்.

விமானியாக நினைக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு: வீட்டு சிமுலேட்டரில் ஓட்டிய மணிக்கணக்கு லாக்புக்கில் ஏறாது. வணிக விமானி உரிமத்துக்கு இந்தியாவில் 200 மணி நேரம் உண்மையாகப் பறந்த அனுபவம் கேட்கிறார்கள். கையும் கண்ணும் செக்லிஸ்ட் ஒழுங்கும் பழகத்தான் இது. லட்சக்கணக்கில் செலவழிக்கும் முன், டி.ஜி.சி.ஏ. (இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) கேட்கும் மருத்துவச் சோதனையை முடித்துவிடுங்கள்: முதலில் இரண்டாம் வகுப்பு, அப்புறம் முதல் வகுப்பு. மருமகனுக்கு இரண்டாம் வகுப்புக்குத் தேதி வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

அடுத்த முறை வரும்போது ரட்டர் பெடல் ஒன்றும், முகத்தில் படும் நுரைப்பட்டை இரண்டும், ஐந்து மீட்டர் யூ.எஸ்.பி. 3 கேபிள் கூடுதலாக ஒன்றும் கொண்டுபோக எழுதி வைத்திருக்கிறேன். காந்தத்தை வைத்து அசைவை அறியும் ஹால் சென்சார் உள்ள பெடலாகப் பார்க்கிறேன், உரசித் தேய எதுவும் இருக்காது. அதற்கான தட்டை இப்போதே செய்து வைக்கச் சொல்லி, மேலப்பாளையம் பட்டறையில் அளவு கொடுத்திருக்கிறேன்.