என்கொயரி போச்சு, எரிச்சல் போகல: டிஸ்ப்யூட் போட்ட அனுபவம்

நெல்லிக்குப்பத்திலிருந்து சிப்காட்டுக்கு என்னோடு வேலைக்கு வரும் நண்பன் இப்போது வீட்டு லோனுக்கு அலைந்துகொண்டிருக்கிறான். அவன் கேட்காத ஒரு லோனுக்கு அவன் கிரெடிட் ரிப்போர்ட்டில், அதாவது கடன் வரலாற்றில், ஹார்டு என்கொயரி (லோனுக்காக ஒரு நிறுவனம் ரிப்போர்ட்டைத் திறந்து பார்த்த பதிவு) விழுந்திருக்கிறது. "மச்சான், உனக்கும் இப்படித்தானே வந்துச்சு, டிஸ்ப்யூட் போட்டா போகுமா?" என்று கேட்டான். ரிப்போர்ட் வைத்திருக்கும் கம்பெனிக்கு 'இது தப்பு, திருத்துங்கள்' என்று ஆட்சேபம் அனுப்புவதுதான் டிஸ்ப்யூட். போகும். எனக்குப் போய்விட்டது. ஆனால் அதை வாட்ஸ்அப்பில் ஒரு வரியில் சொன்னால் என் வயிற்றெரிச்சல் தீராது, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

கிரெடிட் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்பதற்கான மார்க்) 300 முதல் 900 வரை, நாமே பார்த்தால் குறையாது, லோனுக்காக ஒரு நிறுவனம் பார்த்தால் பதிவாகும் என்பதெல்லாம் தெரிந்தவர்களுக்கான பதிவு இது.

என் கதை ஏசியில் ஆரம்பித்தது. கடலூர்க்காரர்கள் பெரிய சாமான் எது வாங்கினாலும் முள்ளோடையைத் தாண்டிப் பாண்டிச்சேரியில் ஒரு தடவை விலை கேட்காமல் வாங்குவதில்லை. நூறடி ரோட்டில் ஒரு கடை. இஎம்ஐ எவ்வளவு வரும் என்று கேட்டதும் ஃபைனான்ஸ் கவுண்டரில் இருந்த பையன் பான் நம்பரை வாங்கித் தட்டினான், ஓடிபி வந்தது, சொன்னேன். அந்த என்கொயரி என்னுடையது, அதில் தகராறு இல்லை. கணக்கு ஒத்துவராததால் கார்டில் பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிட்டேன். சில நாள் கழித்து ஒரு எஸ்எம்எஸ்: இன்னொரு நிறுவனம் உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டைப் பார்த்திருக்கிறது. அதன் பெயரையே அன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன். திறந்து பார்த்தால் நோக்கம் பர்சனல் லோன், தொகை இரண்டு லட்சம். ஏசிக்கு எதற்கப்பா இரண்டு லட்சம்?

முதலில் பாராட்டிவிடுகிறேன். அந்த எஸ்எம்எஸ் நல்ல ஏற்பாடு. நம் ரிப்போர்ட்டை யாராவது திறந்தால் நமக்கு எஸ்எம்எஸ்ஸோ மெயிலோ வரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் உத்தரவு போட்டது. அதற்கு முன்பெல்லாம் பேங்க் மேனேஜர் உதட்டைப் பிதுக்கும்போதுதான் விஷயமே தெரியவரும். வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசம் என்பதும் 2017-லிருந்து இருக்கிறது. டிஸ்ப்யூட் போடவும் காசு இல்லை. ஃபாரமும் எளிது: உள்ளே போய், அந்த வரியைத் தொட்டு, 'இது நான் கேட்டதல்ல' என்று குறித்து அனுப்பவேண்டியதுதான். நடந்ததை விளக்கி எழுத மட்டும் நான் நிரப்பிய ஃபாரத்தில் இடம் இல்லை.

இனி எரிச்சல்.

சிபில் மாதிரி ரிப்போர்ட் வைத்திருக்கும் கம்பெனி எதையும் தானாக விசாரிக்காது. நாம் அனுப்பியதை அப்படியே அந்தக் கடன் நிறுவனத்துக்குத் தள்ளிவிடும். அவர்கள் ஒப்புக்கொண்டால்தான் திருத்தம். பக்கத்து வீட்டு ஆடு நம் கொல்லையில் மேய்ந்துவிட்டது என்று பஞ்சாயத்துக்குப் போனால், ஆட்டுக்காரரிடமே "உங்க ஆடா?" என்று கேட்டு, அவர் இல்லை என்றதும் கூட்டத்தைக் கலைத்துவிடுகிற மாதிரி. எனக்கு வந்த பதில் ஒரே வரி: சம்பந்தப்பட்ட நிறுவனம் இந்த விவரத்தைச் சரி என்று உறுதி செய்துள்ளது. டிஸ்ப்யூட் முடிந்தது.

எப்படிச் சரி? யார் விண்ணப்பித்தார்? எந்த நம்பருக்கு ஓடிபி போனது? அந்தக் கேள்விகளுக்கு அந்த வரியில் பதில் இல்லை. நான் கொதித்தது இதற்காகத்தான். திருத்தக் கோரிக்கையை நிராகரித்தால் கடன் நிறுவனம் காரணத்தை வாடிக்கையாளருக்குச் சொல்லவேண்டும் என்று அதே 2023 உத்தரவு சொல்கிறது. 'சரி என்று உறுதி செய்துள்ளது' என்பது காரணமா? என் வீட்டுக்காரி, "ஒரு வரி எழுதுனதுக்கா ராத்திரி பூரா லேப்டாப்ப கட்டிக்கிட்டு கெடக்குறீங்க?" என்றாள். ஆமாம், அந்த ஒரு வரிக்காகத்தான்.

நியாயமாகச் சொன்னால், அந்த ரிப்போர்ட் கம்பெனி கையில் அதிகாரமும் இல்லை. கடன் நிறுவனம் சொல்லாமல் அவர்கள் ஒரு எழுத்தை மாற்ற முடியாது. நாம் 'நான் கேட்கவில்லை' என்று சொன்னதும் அழித்துவிட்டால், உண்மையில் பத்து இடத்தில் கடன் கேட்டவரும் அதையே சொல்வார். இது எனக்குப் புரிகிறது. புரிந்தாலும் கோபம் குறையவில்லை.

ஆகவே, நண்பா, டிஸ்ப்யூட் பட்டனை அழுத்திவிட்டுக் காத்திருக்காதே. அதே நாளில் கடன் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் மெயில் போடு. பெயரும் முகவரியும் அவர்கள் இணையதளத்திலேயே, அடியில் பொடி எழுத்தில் இருக்கும். நீண்ட கதை வேண்டாம். என் ஒப்புதலுக்கான பதிவு, ஒப்புதல் பெற்ற தேதியும் நேரமும், ஓடிபி போன மொபைல் நம்பர், விண்ணப்பத்தைக் கொண்டுவந்த ஏஜென்ட் விவரம், இவற்றைக் கொடுங்கள் என்று கேள். இல்லையென்றால் என்கொயரியை நீக்கச் சொல்லி ரிப்போர்ட் கம்பெனிக்கு எழுத்தில் கொடுங்கள் என்று கேள். புகாரைத் தீர்க்க மொத்தக் கெடு 30 நாள், அதில் கடன் நிறுவனத்துக்கு 21 நாள். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு, 2024 ஏப்ரல் கடைசியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் (வாடிக்கையாளர் புகாரை விசாரிக்கும் அதிகாரி) ஆன்லைனில் புகார் போடலாம். 2022 செப்டம்பரிலிருந்து இந்த ரிப்போர்ட் கம்பெனிகளும் அதற்குள் வந்துவிட்டன. சந்தேகம் கேட்க ரிசர்வ் வங்கியின் நம்பர் 14448.

நான் ஆம்புட்ஸ்மேன் வரை போகவில்லை. அந்தப் பெயரை மெயிலில் குறிப்பிட்டதும் தொனி மாறியது. 'உங்கள் திருப்திக்காக' என்கொயரியை நீக்கப் பரிந்துரைத்திருப்பதாகக் கடிதம் வந்தது. என் திருப்திக்காகவாம்! கேட்டவற்றில் ஒன்றுக்கும் பதில் இல்லை. அடுத்த ரிப்போர்ட்டில் அந்த வரி காணோம். ஸ்கோர் ஏறியதா என்றால், அந்த மாதம் கிரெடிட் கார்டில் ஏசி விலை பாக்கியாக நின்றதால் இறங்கித்தான் இருந்தது.

பிறகு ஒரு வேலையாக மஞ்சக்குப்பத்தில் என் பேங்குக்குப் போனபோது மேனேஜரிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். "ஒரே ஒரு என்கொயரிக்காகவா சார்?" என்றார். அவருக்கு ஸ்கோர் வேண்டும், ஓடுகிற இஎம்ஐ வேண்டும், ஒழுங்காகக் கட்டினோமா என்பது வேண்டும். நான்கைந்து என்கொயரி வரிசையாக நின்றால் மட்டும் கேள்வி கேட்பாராம். நாளாக ஆக அதன் பாதிப்பும் தானாகக் குறைந்துவிடும் என்றார்.

மார்க் போடச் சொன்னால், சட்டத்துக்கு நல்ல மார்க், எஸ்எம்எஸ்ஸுக்கு முழு மார்க், வேலையும் முடிந்தது. மொத்தமாக? பத்துக்கு மூன்று. அந்த ஒரு வரிப் பதிலுக்காகவே ஏழு பிடித்துக்கொள்கிறேன்.

உனக்கு ஒன்று மட்டும். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க் என்று நான்கு கம்பெனிகள். என்கொயரி எந்தக் கம்பெனியிடம் ரிப்போர்ட் எடுத்தார்களோ அங்கேதான் பதிவாகும். நீ பார்த்தது ஒன்றை மட்டும். மற்ற மூன்றையும் இறக்கிப் பார்த்துவிட்டு வா, மெயிலை இருவரும் சேர்ந்தே எழுதலாம்.