டீமுக்கு புதுசா ஆள் வந்தா: கேடி வீடியோவா, நேரா டிக்கெட்டா, கூட ஒரு ஆளா?

எங்க டீம் அப்போ எட்டு பேரு, பேரோல், அதாவது சம்பளக் கணக்கு போடற சாஃப்ட்வேர் தான் வேலை, அஞ்சு வருஷமா அதே மூஞ்சிங்க, அதனால பாதி விஷயம் யாரும் வாயைத் திறந்து சொல்லாமலே ஓடிட்டு இருக்கும். அதுக்கப்புறம் மூணு பேர் புதுசா சேர்ந்தாங்க, மூணு பேரையும் மூணு விதமா பழக்குனோம். பிளான் எல்லாம் ஒண்ணும் கிடையாது, அந்த நேரத்துக்கு எது கைக்கு வந்துச்சோ அது.

முதல்ல வந்த தம்பிக்கு கேடி (நாலெட்ஜ் ட்ரான்ஸ்ஃபர்) வீடியோ, அதாவது வேலையைச் சொல்லித் தர்ற ரெக்கார்டிங். ரெக்கார்ட் பண்ணி வச்சது 14 மணி நேரம், கூட ஒரு விக்கி, டீம் விஷயங்களை எழுதி வச்ச பக்கம். முதல் நாள் நோட்டு போட்டு எழுதுனான், மூணாவது நாள் ஸ்பீடை ஏத்தி வச்சுட்டு கொட்டாவி விட்டுட்டு உக்காந்திருந்தான். ஆனா இதை முழுசா மட்டமா சொல்ல மாட்டேன். பிஎஃப்ல தொழிலாளி பங்கு 12%, இஎஸ்ஐக்கு 0.75%, தொழில் வரி தமிழ்நாட்டுல அரையாண்டுக்கு ஒரு தடவை ஆனா கர்நாடகால மாசாமாசம், இந்த மாதிரி சங்கதிக்கு எழுதி வச்சது தான் பெஸ்ட், இதை ஒவ்வொருத்தருக்கும் வாயால சொல்லிட்டு இருந்தா தொண்டை தான் போகும். பிரச்சனை என்னன்னா, மாசக் கடைசி மூணு நாள் பேரோல் ப்ரோகிராமை யாரும் தொடக்கூடாதுன்னு எங்க டீம்ல ஒரு பழக்கம் இருக்கு, அது எந்த வீடியோலயும் இல்ல, ஏன்னா எங்களுக்கு அது ரூல்னே தோணல. 29ம் தேதி சாயங்காலம் தம்பி ஒரு சின்ன ஃபிக்ஸை உள்ள தள்ளிட்டான். நைட்டு பதினொன்னு வரைக்கும் எல்லாரும் ஆபீஸ்ல தான். அவன் மேல தப்பே இல்ல, ஆனா அவன் மூஞ்சி அடுத்த ஒரு வாரம் சரியாவே இல்ல.

ரெண்டாவது ஆளுக்கு அப்படியே ரிவர்ஸ். வேற கம்பெனில ஏழு வருஷ அனுபவம், அவருக்கு என்ன சொல்லித் தர்றதுன்னு ரெண்டாவது நாளே நேரா டிக்கெட், அதாவது செஞ்சு முடிக்க வேண்டிய நிஜ வேலை, குடுத்துட்டோம். வேகம்னு பாத்தா இது தான் முதல், அந்த வாரமே ஒரு பக் க்ளோஸ். பழைய ஆளுங்களோட நேரமும் செலவாகல, மேனேஜருக்கு ரொம்ப சந்தோஷம். நான் தான் ஒரு நாள் எதேச்சையா சாட் விண்டோவைத் திறந்து வச்சுட்டு காபி குடிச்சிட்டு இருந்தேன், அவர் பேருக்குக் கீழ 'டைப் பண்றார்'னு வருது, மறையுது, திரும்ப வருது, மறையுது. கிட்டத்தட்ட பத்து நிமிஷம். கடைசில மெசேஜே வரல. எழுந்து போய் கேட்டா, டெஸ்ட் சர்வர் டேட்டா ஏன் தினமும் காலைல காணாம போகுதுன்னு கேக்கணுமாம், ஏழு வருஷம் எக்ஸ்பீரியன்ஸ் வச்சுட்டு இதைக் கேட்டா என்ன நினைப்பாங்களோன்னு ரெண்டு நாளா அழிச்சு அழிச்சு எழுதிட்டு இருந்திருக்காரு. அது நைட்டு தானா ரீசெட் ஆகும்ங்க, அவ்ளோ தான் பதில்.

மூணாவதா வந்த பொண்ணுக்கு கூட ஒரு ஆள் போட்டோம். இங்கிலீஷ்ல இதை பட்டி (buddy)ன்னு தான் சொல்றாங்க, ஆனா எங்க டீம்ல ஒரு மலையாளி இருக்கா, அவ ஊர் பாஷைல பட்டின்னா நாய், அந்த வார்த்தையைக் கேட்டாலே சிரிப்பா, அதனால 'துணை'ன்னு வச்சுக்கிட்டோம். முதல்ல துணையா போட்டது எங்க சீனியர் அண்ணனை, அது சொதப்பல். மனுஷன் நாள் பூரா போன் கால்லயே இருப்பாரு, அதை விட முக்கியம், புதுசா வர்றவங்களுக்கு எது தெரியாதுங்கறதே அவருக்கு மறந்து போச்சு. ரெண்டே வாரத்துல மாத்தி, முதல்ல வந்தான்ல அந்த 29ம் தேதி தம்பி, அவனைப் போட்டோம். எங்கெங்க கால் தடுக்கும்னு அவனுக்கு தான் அத்துப்படி. லாகின் யார்கிட்ட கேக்கணும், எந்த கிளையண்ட் போன் பண்ணா உடனே எடுக்கணும், நாலு மணிக்கு டீக்கு கீழ போறப்ப கூப்பிடலன்னாலும் கூடவே வந்துடணும், எல்லாம்.

செலவுன்னு பாத்தா இது தான் காஸ்ட்லி, அதை மறைக்க வேணாம். ஒரு மாசம் தம்பியோட டிக்கெட்டைப் பாதியா குறைச்சேன். அதைக் குறைக்காம பேருக்கு துணைன்னு போட்டா ரெண்டு பேருமே கெடுவாங்க. லேட்டான ப்ராஜெக்ட்ல ஆளைச் சேர்த்தா இன்னும் லேட்டாகும்னு சாஃப்ட்வேர் வேலையைப் பத்தி புக் எழுதுன ஃப்ரெட் ப்ரூக்ஸ் 1975லயே எழுதிட்டாரு, காரணமும் இது தான், சொல்லித் தர்ற நேரம் பழைய ஆள் கிட்டேர்ந்து தான் போகும், போதாததுக்கு எட்டு பேருக்குள்ள 28 ஜோடி பேச்சுன்னா ஒன்பதாவது ஆள் வந்ததும் அது 36.

'எல்லாத்தையும் ஒழுங்கா எழுதி வச்சுட்டா துணை எதுக்கு'ன்னு மேனேஜர் கேட்டாரு. கிட்லாப் மொத்தமும் ரிமோட், எதையும் எழுதி வைக்கற கம்பெனி, அவங்க ஹேண்ட்புக்கை நீங்களும் நானும் கூட நெட்ல படிக்கலாம், அங்கயும் புதுசா சேர்றவங்களுக்கு ஒரு துணை போடுறாங்கன்னு காட்டுனேன். அதுக்கப்புறம் பேசல.

இப்போ மூணையும் கலந்து தான் பண்றோம், ஆனா சரிசமமா இல்ல. துணை தான் மெயின். டிக்கெட் முதல் வாரமே உண்டு, சின்னதா ஆனா நிஜமானதா, மாசக் கடைசில மட்டும் கிடையாது. அந்த 14 மணி நேர வீடியோல பிஎஃப், இஎஸ்ஐ, தொழில் வரி பகுதி ரெண்டு மணி நேரத்தை மட்டும் வச்சுட்டு மிச்சத்தைத் தூக்கிட்டேன். ஆறு மாசம் ஆச்சு, யாரும் எங்கன்னு கேக்கல.